ரெண்டும் ஒண்ணுதான்க்கா

விக்கிரமங்கலம்
3.6.2024

அன்புத் தம்பி ராசாங்கத்துக்கு,

அக்கா உண்ணாமலை எழுதுவது. நானும் உன் மாமாவும் இங்கே சுகம். மாமாவுக்கு முழங்கால் வலி வழக்கம்போல் வருகிறது, போகிறது. பங்குனியில் உனக்கு வந்த காய்ச்சலின் அசதி முழுக்கப் போய்விட்டதா? பூங்குழலி எப்படி இருக்கிறாள்?

ஏற்காட்டிலிருந்து திரும்பி நாலு நாள் ஆகிறது. மாமா வாசலிலேயே நிறுத்தி, "மலை எப்புடி இருந்துச்சு?" என்றார். நான் மலையை விட்டுவிட்டுக் காப்பியைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். நான் வாரத்துக்கு ஆறு நாள் தபால் ஆபீசில் கிடக்கிறேன் என்று இலக்கியா தன் சம்பளத்தில் நம்மையெல்லாம் ரிசார்ட்டுக்கு அழைத்துப் போனாள். பெற்ற மகள் கூட்டிப் போன இடத்தைக் குறை சொல்லக்கூடாதுதான். ஆனால் கீழே சாப்பாட்டுக் கூடத்தில் பெரிய பாத்திரத்தில் வைத்திருந்தார்களே, அது காப்பியா? விடியற்காலையில் பால் ஊற்றிப் போட்ட காப்பியைப் பத்து மணி வரைக்கும் அடுப்பிலேயே வைத்தால் என்ன ஆகும்? தீய்ந்த பால் வாடை முகத்தில் அடித்தது. ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்தேன். நீ இரண்டு டம்ளர் குடித்தாய். "எப்புடிடா இருக்கு?" என்று கேட்டதற்கு, "நல்லாருக்குக்கா" என்றாய்.

நீயா? பெண் பார்க்கப் போன இடத்தில் கொடுத்த காப்பியைக் குடிக்காமல் முகர்ந்து பார்த்து, "சிக்கரி நாப்பது போட்டிருக்காங்க மாமா, கடைக்காரன் உங்கள ஏமாத்துறான்" என்று பெண்ணின் அப்பாவிடம் சொன்னவன் நீ. அந்த மூக்கைப் பார்த்துத்தான் அவர் பூங்குழலியைக் கொடுத்தார். பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் உன் கடைக்குக் காப்பித்தூள் வாங்க வருகிற பாதிப் பேர் அந்த மூக்கை நம்பித்தான் வருகிறார்கள்.

போனில் கேட்டிருக்கலாமே என்பாய். போனில் நீ, "சரிக்கா, ஆளு நிக்கிறாங்க" என்று வைத்துவிடுவாய். பின்னால் அரவை மெஷின் ஓடும். அதோடு, தபால் ஆபீஸ்காரியே கடிதம் எழுதாவிட்டால் வேறு யார் எழுதப் போகிறார்கள்?

பதில் போடு.

உன் அக்கா,
உண்ணாமலை


பெரம்பலூர்
8.6.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். காய்ச்சல் அசதியெல்லாம் எப்போதோ போய்விட்டது. மாமாவை முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு சும்மா இருக்கச் சொல். இருக்க மாட்டார், தெரியும்.

காப்பி விஷயத்துக்கு இவ்வளவு பெரிய கடிதமா? இலக்கியா எதிரில் உட்கார்ந்திருந்தாள். ஆசையாகக் கூட்டி வந்த பிள்ளை முகம் வாடக்கூடாது என்று நல்லா இருக்கு என்றேன். இதில் என்ன தப்பு?

ஒரு நல்ல செய்தி. கிளம்புகிற அன்று அங்கே ரெஸ்டாரண்ட் மேனேஜர் அழகேசனிடம் என் கடை கார்டைக் கொடுத்தேன் அல்லவா? அவரே போன் செய்தார். கீழே இருக்கிற கூடத்துக் காப்பியைப் பற்றி உன்னைப்போலவே பலர் புகார் எழுதிவைத்திருக்கிறார்களாம். அதற்கு நம் கடைத் தூளைப் போட்டுப் பார்க்கலாம் என்கிறார். முதலில் சாம்பிள் அனுப்ப வேண்டும். ஆயுத பூஜை முடிந்ததும் நேரில் போக வேண்டும். நாலைந்து கடைத் தூளை வரிசையாக வைத்து என்னையே குடித்துப் பார்க்கச் சொல்லி, அப்புறம் முடிவு செய்வார்களாம். பூங்குழலிக்குத் தலைகால் புரியவில்லை. இப்போதே எந்தப் புடவை கட்டுவது என்று பேச்சு.

மற்றபடி விசேஷம் ஒன்றுமில்லை.

தம்பி,
ராசாங்கம்


விக்கிரமங்கலம்
24.6.2024

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் நலமே. மழை இரண்டு தூறலோடு ஏமாற்றிவிட்டது, மாமா வானத்தைத் திட்டிக்கொண்டிருக்கிறார்.

ரிசார்ட்டுச் செய்தி கேட்டு மனசு நிறைந்தது. மலையில் காப்பித் தோட்டத்துக்கு நடுவே இருக்கிறவன் பெரம்பலூர்க்காரனிடம் தூள் கேட்கிறான் என்றால் சும்மாவா! இங்கே தபால் ஆபீசுக்கு வந்த எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். பென்ஷன் வாங்க வந்த அரியமுத்து, "காப்பி வாங்கித் தரியா ஆத்தா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

இப்போது சண்டைக்கு வருகிறேன். உன் கடிதத்தின் தலைப்பில் எட்டாம் தேதி என்று இருக்கிறது. பெரம்பலூர் முத்திரை பதினேழு என்கிறது. ஒன்பது நாள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தாயா? முப்பது வருடமாக முத்திரை குத்துகிறவளிடம் தேதி ஏமாற்று நடக்காது. அனுப்பலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவன்தான் கடிதத்தைப் பையிலேயே வைத்திருப்பான்.

இலக்கியாவுக்காகச் சொன்னேன் என்கிறாய். சரி, ஒப்புக்கொள்கிறேன். மறுநாள் மேலே பாறை ஓரமாக இருந்த கண்ணாடிக் கடைக்குப் போனோமே, அது என்ன? அங்கே மெஷின் காப்பி. நுரையில் இலை வரைந்து கொண்டு வந்தான். இலக்கியாவுக்கு அந்த நுரை பிடித்தது. எனக்கு அடியில் இருந்த கசப்பு பிடித்தது, பொய் சொல்ல மாட்டேன். பூங்குழலி, "ஊதி ஊதி வாயே வலிக்குது அண்ணி" என்று பாதியில் வைத்துவிட்டாள். மூன்று பேருக்கும் மூன்று ருசி, ஆளுக்கொரு நியாயம் பேசிச் சிரித்தோம். உன்னைத் தீர்ப்புச் சொல்லச் சொன்னோம். நீ வெளியே மேகத்தைப் பார்த்துக்கொண்டு, "ரெண்டும் ஒண்ணுதான்க்கா" என்றாய். கீழே குடித்ததும் மேலே குடித்ததும் ஒன்றா? அப்போது இலக்கியா கைகழுவப் போயிருந்தாள். யார் முகம் வாடும் என்று அப்படிச் சொன்னாய்?

ஒன்றுமில்லை என்று எழுதாதே.

அக்கா


பெரம்பலூர்
20.7.2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். ஆடி பிறந்துவிட்டதால் வியாபாரம் மந்தம், ஆனால் வேலை மட்டும் குறையவில்லை. இன்றைக்கே தபாலில் சேர்க்கிறேன், முத்திரையைப் பார்த்துக்கொள்.

இத்துடன் இரண்டு பொட்டலம் அனுப்பியிருக்கிறேன். ஒன்றில் சிவப்பு நூல், இன்னொன்றில் கறுப்பு நூல். இரண்டையும் தனித்தனியாக டிகாஷன் போட்டுக் குடித்துப் பார்த்து, எது எப்படி என்று எழுது. விவரமாக எழுது. வாசம் எப்படி, வறுவல் எப்படி, எல்லாம். அவசரமில்லை, ஆனால் சீக்கிரம் எழுது.

மாமாவைக் கேட்டதாகச் சொல்.

ராசாங்கம்


விக்கிரமங்கலம்
2.8.2024

அன்புத் தம்பிக்கு,

இங்கே அனைவரும் நலம். இரண்டு பொட்டலமும் பத்திரமாக வந்தன.

கறுப்பு நூல் நன்றாக இருக்கிறது. பிரித்ததும் வீடு முழுக்க மணந்தது. வெல்லம் போட்ட வரக்காப்பி தவிர வேறு தொடாத உன் மாமாவே அடுப்படிக்கு வந்து எட்டிப் பார்த்தார். சிவப்பு நூல் தீய்ந்திருக்கிறது ராசாங்கம். கொஞ்சநஞ்சமல்ல. வறுக்கிற டிரம்மிலிருந்து இரண்டு நிமிடம் முன்னாலேயே இறக்கியிருக்க வேண்டும். இதையா விவரமாக எழுதச் சொன்னாய்? பொட்டலத்தைப் பிரித்தவுடன் பக்கத்து வீட்டுக்காரிக்கே தெரிந்துவிட்டதே!

நீ யாரையும் இப்படிக் கேட்டதில்லை. "ஊரே என் மூக்கைக் கேக்குது, நான் யார் மூக்கைக் கேக்குறது?" என்று மீசையை முறுக்குகிறவன் நீ. இருக்கட்டும், வயசானால் அடக்கம் வருமாம்.

இலக்கியா குடகுக்குப் போய் வந்தாள். அங்கே தோட்டத்தில் வாங்கிய தூள் கொஞ்சம் இத்துடன் அனுப்புகிறேன். இந்த மாதிரிக் காப்பியை என் ஆயுசில் குடித்ததில்லை. குடித்துப் பார்த்து உன் மூக்கு என்ன சொல்கிறது என்று எழுது.

அக்கா


பெரம்பலூர்
28.8.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், அங்கே உங்கள் நலத்துக்குக் குறைவிருக்காது என்று நினைக்கிறேன். சிவப்பு நூல் வேண்டுமென்றே தீய்த்தது. உன்னைச் சோதித்தேன். தேறிவிட்டாய்.

இலக்கியா கொண்டுவந்த தூள் பிரமாதம். நீ சொன்னது சரிதான். டிகாஷன் இறங்கும்போதே மணம் தூக்கியது. உயர்ந்த கொட்டை, பக்குவமான வறுவல். சிக்கரி துளிக்கூட இல்லை. மலைத் தோட்டத்துத் தூள் என்றால் அப்படித்தான் இருக்கும்.

உன் வாய் தப்புச் சொல்லாது என்று தைரியமாக ஒரு காரியம் செய்துவிட்டேன். மிச்சமிருந்ததை ரிசார்ட்டுக்குப் போகிற சாம்பிளில் கலந்துவிட்டேன். நாளை மறுநாள் பார்சல் போகிறது. அழகேசன் அசந்துபோவார். இலக்கியாவிடம் எந்தத் தோட்டம் என்று கேட்டு எழுதினால் இன்னும் கொஞ்சம் வரவழைக்கலாம்.

தம்பி,
ராசாங்கம்


பெரம்பலூர்
30.8.2024

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

பூங்குழலி வணக்கத்துடன் எழுதுகிறேன். அண்ணனையும் உங்களையும் கேட்டதாகச் சொல்லவும். கடிதம் எழுதி எனக்குப் பழக்கமில்லை. உங்கள் தம்பி எழுதுவதைப் பார்த்து, அதே மாதிரி எழுதுகிறேன். தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அவர் எழுதிய கடிதம் இரண்டு நாளாகக் கல்லாப் பெட்டி மேலேயே கிடந்தது. இன்று இரண்டையும் சேர்த்து நானே தபால் பெட்டியில் போடுகிறேன்.

அண்ணி, நீங்கள் அனுப்பியது புளியங்கொட்டை. வறுத்துத் தோலெடுத்து அரைத்திருக்கிறீர்கள். பொட்டலத்தைப் பிரித்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் அதில் காப்பி போட்டு, எனக்கும் ஒரு டம்ளர் கொடுத்து, "அக்கா அனுப்புன தூளு, எப்புடி மணக்குது பாத்தியா?" என்றார். நான், "ஆமாங்க" என்றேன். குடித்துத் தொலைத்தேன்.

உங்களுக்கு எப்படிச் சந்தேகம் வந்தது என்று எனக்குத் தெரியாது. எனக்குச் சித்திரை மாதமே தெரியும். பால் பொங்கித் தீய்ந்து வீடெல்லாம் நாறுகிறது, இவர் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். அப்புறம் கடையில் பார்த்தேன். கொட்டை வறுக்கும்போது அவர் கடிகாரம் பார்த்து நான் கண்டதே இல்லை. வேறு யாரோடோ பேசிக்கொண்டிருப்பார், வாசம் வந்ததும் எழுந்து போய் இறக்குவார். இப்போது கையில் கட்டியிருக்கிற வாட்சையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். பங்குனிக் காய்ச்சலில் மூக்கு போயிருக்கிறது அண்ணி. ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் உடைந்துபோய்விடுவார் என்று பயம்.

மத்தியானம் அவர் சாப்பிடப் போகும்போது கடையில் நான்தான் இருப்பேன். அவர் வறுத்ததை முகர்ந்து பார்ப்பேன். தீய்ந்திருந்தால் எடுத்துவிட்டு வேறு வறுத்து வைத்துவிடுவேன். இருபத்தாறு வருடம் அந்த மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவளுக்கு இதுகூடத் தெரியாதா? தீய்ந்தது ஒரு சாக்கு நிறையச் சேர்ந்திருக்கிறது. வாங்குகிறவர்கள் யாரும் இதுவரை குறை சொல்லவில்லை. சமையல் கேஸை மட்டும் ஒவ்வொரு தடவையும் நானே மூடிவிட்டு, இரண்டு தடவை பார்க்கிறேன்.

சாம்பிளைப் பற்றிப் பயப்பட வேண்டாம். அவர் கலந்ததை எடுத்துவிட்டு, நான் புதிதாக வறுத்து அரைத்ததை வைத்துத்தான் பார்சல் கட்டினேன். அது அவருக்குத் தெரியாது.

ஒரு உதவி. எனக்குத் தெரியும் என்று அவரிடம் சொல்லிவிடாதீர்கள். எங்கள் அப்பா எதைப் பார்த்துப் பெண் கொடுத்தார் என்பதை அவர் இன்னும் மறக்கவில்லை. அவராகவே என்னிடம் சொல்ல வேண்டும். சொல்லவில்லை என்றால் மேனேஜர் முன்னால் போய் எப்படி உட்காருவார்? அதை நினைத்தால்தான் எனக்குச் சோறு இறங்கவில்லை.

உங்கள்,
பூங்குழலி


விக்கிரமங்கலம்
3.9.2024

என் கண்ணு பூங்குழலிக்கு,

உன் கடிதமும் அவன் கடிதமும் ஒரே பையில் வந்தன. அவன் கடிதத்தை முதலில் பிரித்துவிட்டேன். புளியங்கொட்டைத் தூளை ரிசார்ட்டுக்கு அனுப்புகிறான் என்று அதில் இருந்தது. என் தம்பி பிழைப்பில் நானே மண்ணைப் போட்டுவிட்டேனே என்று ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். பணம் போட வந்த ஒருத்தி தண்ணீர் கொடுத்தாள். அப்புறம்தான் உன் கடிதத்தைப் பிரித்தேன். மறுபடி அழுதேன். இந்த அழுகை வேறு.

சோதித்துப் பார்க்கத்தான் அனுப்பினேன். அவன் அதைக் கடைக்குக் கொண்டுபோவான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. என் வாயை அவ்வளவு நம்பியிருக்கிறான். பெரிய கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டு செய்த காரியம். என்னை மன்னித்துவிடு.

ஐந்து மாதமாகத் தனியாகச் சுமந்திருக்கிறாய். எனக்கு ஒரு வரி எழுதியிருக்கக்கூடாதா? நான் அவனுக்கு மட்டும்தான் அக்காவா?

நீ கேட்டபடியே செய்கிறேன். உனக்குத் தெரியும் என்று அவனிடம் சொல்ல மாட்டேன். ஆனால் எனக்குத் தெரியும் என்று சொல்லப் போகிறேன். அதற்கு மேல் அவன் பாடு.

வேளைக்குச் சாப்பிடு.

அண்ணி


விக்கிரமங்கலம்
5.9.2024

ராசாங்கம்,

சுகம் விசாரிக்கிற கடிதம் இல்லை இது. உன் சுகம் எனக்குத் தெரியும்.

நான் அனுப்பியது குடகுத் தூள் இல்லை. நம் கொல்லை மரத்துப் புளியங்கொட்டை. நான்தான் வறுத்தேன், நான்தான் அரைத்தேன். அரைக்கும்போது உன் மாமா, "மாட்டுக்கா?" என்று கேட்டார். நீ, "மணம் தூக்கியது" என்று எழுதியிருக்கிறாய்.

திட்டிக்கொள். நான் செய்தது தப்பு. ஆனால் எத்தனை நாளைக்கு என்னிடம் நல்லா இருக்கு, நல்லா இருக்கு என்று சொல்வாய்? உனக்கு வாசம் தெரியவில்லை. காய்ச்சலுக்குப் பிறகுதானே? மேகத்தைப் பார்த்துக்கொண்டு ரெண்டும் ஒண்ணுதான்க்கா என்றபோது உன் குரல் எப்படி இருந்தது என்று எனக்கு இப்போதுதான் புரிகிறது. அன்றைக்கு உன்னைக் கேலி செய்தேன்.

போன சாம்பிள் போனதுதான். அதைப் பற்றி அழகேசனுக்குப் போன் கீன் செய்து குட்டையைக் குழப்பாதே. நான் உன்னிடம் கேட்பது ஒன்றே ஒன்று. மலை ஏறுவதற்கு முன்னால் பூங்குழலியிடம் சொல்லிவிடு. எனக்கு எழுத வேண்டாம், டாக்டரிடம்கூட அப்புறம் போய்க்கொள்ளலாம். முதலில் அவளிடம் சொல். மூக்கு போனது உன் குற்றமில்லை. அவளிடம் மறைப்பது உன் குற்றம்.

அக்கா


தபால் கார்டு
விக்கிரமங்கலம், 30.9.2024

தம்பிக்கு. பதில் இல்லை. தினமும் தபால் பையை அவிழ்த்ததும் முதலில் உன் கையெழுத்தைத்தான் தேடுகிறேன். கோபம் என்றால் கோபம் என்று எழுது. மாமா கேட்கிறார். - அக்கா


பெரம்பலூர்
18.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

ராசாங்கம் எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். இந்த முறை நிஜமாகவே நலம்.

கோபம் இல்லை அக்கா. உன் கடிதத்தைப் படித்ததும் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்துவிட்டேன். உனக்கு என்ன எழுதுவது? காப்பித்தூள் கடைக்காரனுக்கு மூக்கு போய்விட்டது என்று எப்படி எழுதுவேன்? மெஷினைத் திறந்து முகத்தை உள்ளே விட்டுக்கூடப் பார்த்திருக்கிறேன். ஒன்றுமே இல்லை. சுடுதண்ணீரும் காப்பியும் ஒன்றாகிவிட்டன. கசப்பு மட்டும் நாக்கில் தெரியும். யாருக்காவது தெரிந்தால் கடைக்கு எவன் வருவான்? அதைவிட, பூங்குழலிக்குத் தெரிந்தால் என்ன நினைப்பாள்? இந்த மூக்கை வைத்துக்கொண்டுதானே அவள் வீட்டில் போய் அவ்வளவு பெரிய மனுஷன் மாதிரி பேசினேன்.

இதில் அழகேசன் வேறு போன் செய்து, "உங்க சாம்பிள்தான் சார் முதலிடம், குடிச்சவங்க எல்லாம் கேக்குறாங்க" என்றார். புளியங்கொட்டை கலந்ததற்கு முதலிடமா? இவருக்கும் என்னைப்போலத்தான் மூக்கு போயிருக்கிறதோ என்று நினைத்தேன். ஐந்து வாரம் தூக்கமில்லை.

பதினைந்தாம் தேதி கிளம்பினோம். பஸ் ஏறுவதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தேன். சொல்லவில்லை. ஆத்தூரில் சொல்லலாம் என்று நினைத்தேன். அங்கே அவள் சப்போட்டா வாங்கிக்கொண்டிருந்தாள். சேலத்தில் கூட்டம். மலைப் பாதையில் ஒவ்வொரு வளைவிலும் அடுத்த வளைவில் சொல்லலாம், அடுத்த வளைவில் சொல்லலாம் என்று இருபதும் முடிந்துவிட்டன.

மறுநாள் காலை அதே கூடம். அதே பாத்திரம். மேனேஜர் பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார். பூங்குழலி இரண்டு டம்ளர் பிடித்து வந்தாள். தன் டம்ளரில் ஒரு வாய் குடித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து, "எப்புடிங்க இருக்கு?" என்றாள். நல்லா இருக்கு என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை அக்கா.

"எனக்கு வாசம் தெரியல பூங்குழலி. பங்குனியிலேருந்து ஒண்ணுமே தெரியல" என்றேன்.

அவள் என் டம்ளரை என் பக்கமாகத் தள்ளி வைத்தாள். "தெரியும். குடிங்க, ஆறிடும்" என்றாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம் மெதுவாகச் சொன்னாள். வாட்ச் பார்த்து வறுத்தது, சாக்கில் போட்டது, சாம்பிளை மாற்றியது, எல்லாம். நாலு பேர் சாப்பிடுகிற இடம் என்று பார்க்காமல் அழுதுவிட்டேன். "உங்கப்பா இந்த மூக்கப் பாத்துதானே குடுத்தாரு" என்றேன். அதற்கு அவள், "எங்கப்பா மூக்கப் பாத்துக் குடுத்திருக்கலாம். நான் மூக்கையா கட்டிக்கிட்டேன்?" என்றாள். பக்கத்து மேசைப் பெண்மணி திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

பத்து மணிக்கு அழகேசன் ஆறு கோப்பையை வரிசையாக வைத்தார். நான் எழுந்து நின்று, "சார், எனக்கு மூக்கு போயிருச்சு. இப்ப எங்க கடையில வாசம் பாக்குறது என் சம்சாரம்தான். உங்களுக்கு வந்த சாம்பிளும் அவ அரைச்சதுதான்" என்றேன். அவர் கோப்பைகளை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் ஒவ்வொன்றாக முகர்ந்தாள். நாலாவது நம்முடையது என்று குடிக்காமலே சொன்னாள். அதோடு விடவில்லை. "எந்தத் தூளப் போட்டாலும் இப்புடிக் காலையிலேருந்து அடுப்புலயே வச்சா இந்த வாடைதாங்க வரும். அப்பப்ப போடச் சொல்லுங்க" என்று அவருக்கே பாடம் எடுத்தாள். கீழ்க் கூடத்துக்கு இனி நம் தூள்தான். மேலே கண்ணாடிக் கடையில் மெஷின் காப்பியே இருக்கட்டும் என்றார். உனக்கும் அதுதானே பிடிக்கும்.

நேற்றே திருச்சியில் மூக்கு டாக்டரைப் பார்த்தாயிற்று. வரலாம், வராமலும் போகலாம் என்கிறார். தினமும் இரண்டு வேளை கிராம்பு, எலுமிச்சைத் தோல், தைலம் என்று வாசமுள்ளதை முகர்ந்து பழக வேண்டுமாம். முகர்கிறேன். பூங்குழலி எதிரில் உட்கார்ந்து, "இது கிராம்பு, இது கிராம்பு" என்று சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொல்கிறாள்.

அவளுக்குத் தெரியும் என்பது உனக்கும் முன்னாலேயே தெரியும் என்று இப்போதுதான் தெரிந்தது. இரண்டு பேரும் சேர்ந்து என்னை நன்றாக ஏமாற்றியிருக்கிறீர்கள். நல்லா இருங்கள்.

தம்பி,
ராசாங்கம்


விக்கிரமங்கலம்
22.10.2024

என் தம்பிக்கு,

கடிதம் வந்தது. முதலில் உறையைத்தான் பார்த்தேன். தலைப்பில் பதினெட்டு, முத்திரையிலும் பதினெட்டு. படிப்பதற்கு முன்னாலேயே எனக்குப் பாதி நிம்மதி வந்துவிட்டது. மீதியைப் படித்துத் தெரிந்துகொண்டேன். மாமாவுக்கும் படித்துக் காட்டினேன். பூங்குழலி கேட்ட கேள்வியைக் கேட்டுச் சிரித்தவர், அப்புறம் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார்.

தீபாவளிக்கு நீங்கள் இரண்டு பேரும் இங்கே வந்துவிடுங்கள். காப்பி பூங்குழலிதான் போட வேண்டும். எனக்குக் கசப்பாக, இலக்கியாவுக்கு நுரையாக, மாமாவுக்கு வெல்லம் போட்டு.

டாக்டர் சொன்னபடி உனக்கு ஒன்று இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். தாளில் சுற்றியிருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்து பார். பூங்குழலியைக் கேட்காதே. தெரிந்தால் என்னவென்று எழுது. தெரியாவிட்டால், தெரியவில்லை என்று எழுது. அதுதான் எனக்கு வேண்டும்.

உன் அக்கா,
உண்ணாமலை


தபால் கார்டு
பெரம்பலூர், 25.10.2024

அக்கா, உறை வந்தது. கண்ணை மூடிக்கொண்டு மூன்று தடவை முகர்ந்தேன். தெரியவில்லை.

மருக்கொழுந்து என்கிறாள் பூங்குழலி. வாடியிருந்தாலும் பரவாயில்லை என்று தலையில் வைத்துக்கொண்டாள்.

இன்னொன்று அனுப்பு. - ராசாங்கம்